குருமனையின் நிலவறை

லண்டன் ஓரத்துப் பழைய குருமனையின் நிலவறையில் கிருஷ்ணராசா சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டிருக்கிறார். 2009, மே மாதம். மேலே பாதிரிமார் வாழ்ந்த கூடங்களில் ஆளுயர ஜன்னல்கள் வழியே வெயில் தாராளமாக விழுகிறது. இங்கே ஒற்றை பல்ப்தான். செங்கல் வளைவுக் கூரை தலையில் இடிக்கிறது. காற்றுக்கு விட்ட துவாரத்துக்குள் கையை நுழைக்கிறார். தோள்மூட்டு வரை போயும் சுவர் முடியவில்லை. ஊரில் விழுந்த எறிகணைகளின் நினைப்பில், "செல் விழுந்தாலும் அசையாது" என்று தனக்குள் முணுமுணுக்கிறார். முள்ளிவாய்க்காலில் தங்கச்சி ஜெகதீஸ்வரி பிள்ளைகளோடு கிடக்கிற பங்கர்க் குழிக்கோ, சீலை கிழித்துத் தைத்த மண்மூட்டைகள்தான் சுவர். அங்கத்தைய சேதி எதுவும் கொழும்பு வழியாகத்தான் வரும். கீழே சிக்னல் இல்லையென்று போனை மேலே ஜன்னல் விளிம்பில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது அடிக்கிறது. கூட வேலை செய்யும் நிரூபன் படித்தலைப்பில் நின்று கூப்பிடுகிறான்.

"அண்ணை, கொழும்பு நம்பர். கெதியா வாங்கோ."

"கை முழுக்கச் சாந்து. இப்ப ஏலாது."

"அப்ப நான் எடுக்கட்டோ?"

கிருஷ்ணராசா சாந்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். மணி நிற்கிறது. நிரூபனின் குரல் கேட்கிறது, பிறகு அதுவும் இல்லை. பிறகு படிகளில் மெதுவாக இறங்கும் சப்பாத்துச் சத்தம். கிருஷ்ணராசா சுவரின் மூலையில் குந்துகிறார். சாந்துக் கைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டு, செல் கூவி வரும்போது ஊரில் செய்வதுபோல, வாயைத் திறந்து வைத்திருக்கிறார்.