ஒன்பதாவது குழாய்

பாடாங் மேஹா எஸ்டேட்டின் பழைய துரை பங்களா ஒரு பக்கமாக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அடித்தளத்தைத் தாங்கும் பைலிங் தூண் போட யோகேந்திரனும் குகனும் சின்ன மெஷினை உள்ளறைக்குள் தள்ளி வந்தார்கள். கூரை தாழ்வு. அதனால் ஒரு மீட்டர் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கித்தான் தரையைத் துளைக்க முடியும்.

இருந்தது மொத்தமே எட்டுக் குழாய். அவற்றில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியவள் யோகேந்திரனின் மனைவி வாசுகி. முதல் குழாயில் மட்டும் பிள்ளையார் சுழி போட்டிருந்தாள். அவள் இறந்து ஒரு வருடம்.

"அண்ணி எழுத்து அழியுது, புதுசா எழுதிடலாம் லா," என்றான் குகன்.

"கைய வச்சுப் பாரு, முறிச்சிடறேன்."

எட்டும் இறங்கின. குழியில் ஊற்றச் சிமெண்ட் கலக்கி வைத்துவிட்டு, குழாய்களைத் திரும்ப இழுத்தார்கள். எட்டு, ஏழு என்று வந்து, கடைசியில் பிள்ளையார் சுழியும் வந்தது. அதன் அடியில் இன்னொரு குழாய் மாட்டியிருந்தது. வாசுகியின் கையெழுத்தில் ஒன்பது.

"அண்ணே, எட்டுதானே விட்டோம்?"

யோகேந்திரன் தொட்டான். விரலில் ஈரப் பெயிண்ட் ஒட்டியது.

"இழு."

"சிமெண்ட் கெட்டியாயிடும் லா, பாஸ் ஏசுவாரு!"

"ஏசட்டும். நீ இழு, தம்பி."

மாலைக்குள் வாளியிலிருந்த சிமெண்ட் கல்லாகிவிட்டது. முப்பதாவது குழாயிலும் பெயிண்ட் காயவில்லை.