கனிவான குரல்

பிரசாரத்தில் தொண்டை கட்டிப்போய், மதியச் சாப்பாட்டுக்கு வீடு வந்த வேட்பாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மனைவி போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

“முழங்கால் வலி இப்போ பரவாயில்லைங்க. நீங்க ஒருத்தராவது கேட்டீங்களே! என்னது, நான் சாப்பிட்டேனான்னா கேக்குறீங்க?”

இருபது வருஷத்தில் தன்னிடம் அவள் இப்படிக் குழைந்ததில்லை. அவருக்குக் காது சூடேறியது.

“யார்கூடப் பேசிட்டிருக்கே?” என்று கத்தப் பார்த்தார். பாதி காற்றுதான் வந்தது.

“உங்ககூடத்தான்” என்றபடி அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“நீங்க சொல்லுங்கம்மா, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்” என்றது போன். அச்சு அசல் அவர் குரல்!

வாக்காளர் ஒவ்வொருவரிடமும் அவர் குரலில் பேச, கட்சி ஏற்பாடு செய்திருந்த கம்ப்யூட்டர் அது. பட்டியலில் அவர் வீட்டு நம்பரும் இருந்திருக்கிறது.

“அட அசடே, ஓட்டுக்காகத்தான் அது இப்படிக் குழையுது!”

“தெரியும்ங்க. ஜெயிச்சப்புறம் அதுவும் உங்களை மாதிரி ஆயிடும். அதான் இப்பவே பேசிக்கிறேன்” என்றவள், ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.