இணைப்பு: ஒன்று

"ராத்திரி பகலா ஓடுதே, யாருக்காகப்பா இது?"

மாடி அறை வாசலில் நின்று கேட்டாள் அண்ணி. ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி, மறு கையில் வெள்ளைக் கோட்டு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கசங்கிய கோட்டோடு போனால் அங்கே மேலதிகாரியின் முகமும் கசங்கும். கீழே பிளக் பாயின்ட் கருகிக் கிடந்தது.

"ஓடட்டும் அண்ணி." சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான் கொழுந்தன்.

மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குத் திரைகூடக் கிடையாது.

"திருட்டு சினிமாவா? சூதாட்டமா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன?"

"ஓடட்டும் அண்ணி."

"உங்க அண்ணன் உனக்கு ஊமைக்கோட்டான்னு சும்மாவா பேர் வெச்சார்?"

அவன் சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டான்.

அண்ணன் போன நாளிலிருந்தே இப்படித்தான். அன்றைக்குக்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வீடே அழுதுகொண்டிருந்தபோது மாடியில் இந்தப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். கல்நெஞ்சக்காரன்!

அந்த அறையிலும் ஒரே பிளக் பாயின்ட்தான். பிடுங்கினாள். உறுமல் நின்றது.

கோட்டைத் தேய்த்து முடித்த பிறகும் பிளக்கைத் திரும்பச் செருகவில்லை. ஒரு நாள் ஓய்ந்தால் உலகம் முழுகிப் போய்விடாது.

வேலைக்குப் போகும் வழியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தாள். யாருக்கும் சொல்லாமல் கணவரின் லேப்டாப்பை அங்கே கொடுத்திருந்தாள்.

கிரிப்டோ என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், அவர் நண்பர்களோடு சேர்ந்து கம்ப்யூட்டரில் மட்டுமே புழங்கும் ஒரு காயினை உருவாக்கினார். அதை வைத்து ஒரு குண்டூசிகூட வாங்க முடியாது. ஆனால் ஒவ்வொரு காயினோடும் ஒரு வரி எழுதி அனுப்பலாம். தினமும் மனைவிக்கு ஒன்று அனுப்புவார்.

"பக்கத்துலதானே இருக்கேன், வாயால சொல்லுங்களேன்!" என்பாள். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. அவர் போன பிறகு, "அந்தக் காயின் பேச்சை இனிமே எவனும் எங்கிட்ட எடுக்கக் கூடாது" என்று கத்தித் தீர்த்தாள்.

இப்போது அவளே அதைத் தேடி வந்திருந்தாள்.

கடைக்காரப் பெண்ணின் முகம் வாடியிருந்தது.

"லேப்டாப் பொழைச்சிடுச்சுக்கா. தேதி ஏதோ பழைய வருஷத்துலயே நின்னு போயிருந்துச்சு, அதனால வெளிய எந்தக் கம்ப்யூட்டரோடவும் இணையல. அதைத் திருத்திட்டேன். ஆனா இதுக்குள்ள இருக்கறது உங்க மெசேஜைத் திறக்கற சாவி மட்டும்தான்."

"அவர் எழுதினதெல்லாம்?"

"அது இந்தக் காயினை வெச்சிருந்த எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்கும். சினிமாவைத் துண்டு துண்டாப் பகிர்ந்துக்குவாங்களே, அது மாதிரி ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துக்கணும். இதுக்குக் கம்பெனியும் இல்ல, ஆபீசும் இல்ல."

"அப்ப எடுத்துடலாமே?"

"எல்லாரும் எப்பவோ இழுத்து மூடிட்டுப் போயிட்டாங்கக்கா. உலகம் பூரா தேடினதுல ஒரே ஒருத்தர் மட்டும் விடாம ஓட்டிக்கிட்டிருந்தார்."

"யாருமே சீந்தாத காசுக்காகவா?"

"அதான் எனக்கும் புரியல. நேத்து முழுக்க அவர்கிட்ட இருந்துதான் இறங்கிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, முழுசா இறங்கினாத்தான் திறக்கும். இன்னிக்குக் காலையில பாத்தா..."

திரையைத் திருப்பினாள். 'இணைப்பு: 0' என்றிருந்தது.

அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அந்த ஆள்... அதையெல்லாம் படிச்சிருப்பாரோ?"

"முடியாதுக்கா. எல்லாம் பூட்டு. உங்க சாவி இல்லாம ஒரு எழுத்துகூட அவருக்குத் தெரியாது. என்ன இருக்குன்னே தெரியாம இத்தனை வருஷம் கட்டிக் காத்திருக்கார். நினைச்சாலே மலைப்பா இருக்கு."

"எந்த மகராசனோ!" திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். "இன்னிக்குன்னு பாத்து எந்தப் பாவி அதை அணைச்சானோ? பேர், போன் நம்பர் ஏதாவது இருந்தா சொல்லும்மா, கெஞ்சியாவது பாக்கறேன்."

"எதுவும் தெரியாதுக்கா. பட்டப்பேர் ஒண்ணு மட்டும் வெச்சிருக்கார்." சிரிப்பை அடக்கிக்கொண்டாள் அந்தப் பெண். "ஊமைக்கோட்டான்."

அண்ணி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

வீட்டுக்கு ஓடி, மாடிப் படிகளைத் தாவி ஏறிப் பிளக்கைச் செருகினாள். இத்தனை நாள் காதைக் குடைந்த அந்த உறுமல் மெல்ல எழுந்தது. மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றாள்.

போன் அடித்தது.

"அக்கா, ஒண்ணு வந்துருச்சு! இறங்குது... முடிஞ்சிடுச்சு! நான் எதையும் பாக்கலக்கா, மூடி வெச்சுட்டேன். வந்து வாங்கிக்கோங்க."

சாயங்காலம் கொழுந்தன் அறைக்கு வந்தபோது, தேய்த்த கோட்டு ஆணியில் தொங்கியது. அண்ணி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. மடியில் லேப்டாப். திரையில் ஒரு வரி:

'நீ இதையும் திறக்கப் போறதில்லன்னு தெரியும். பரவாயில்ல, இது கெட்டுப்போற பண்டம் இல்ல.'

அவன் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானே அண்ணி அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னீங்க?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இனிமே இதுக்கு வேலையில்ல." குனிந்து பிளக்கில் கை வைத்தான் அவன். "கரன்ட்டாவது மிச்சமாகும். அணைச்சிடவா?"

அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும்ப்பா."