வௌலமரம்

நான் ரப்பர். என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் குறுக்கெழுத்துப் போட்டியை எப்போதும் பென்சில்தான் நிரப்பும். தப்பு வந்தால் நான் அழிப்பேன். அன்றைக்குப் பேனா முந்திக்கொண்டது.

இடமிருந்து வலம், முதல் கேள்வி: 'இரவில் இரை தேடும் பறவை, மூன்று எழுத்து.' பேனா யோசிக்கவே இல்லை. 'வௌவால்' என்று எழுதிவிட்டது.

“வௌவால் பறவையே இல்லீங்களே, பாலூட்டி. ஆந்தையா இருக்கும்” என்றது பென்சில்.

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

அதே கட்டத்தில் தொடங்கி மேலிருந்து கீழ்: 'விழுதுவிடும் மரம், ஐந்து எழுத்து.'

“ஆலமரம்! இப்பவாவது புரியுதா?” என்று கத்தினேன்.

முதல் கட்டத்தில் 'வௌ' உட்கார்ந்திருந்ததே! பேனா கூசாமல் 'வௌலமரம்' என்று எழுதியது.

“அந்த மரத்தை எந்த ஊர்லடா பார்த்தே?”

“டப்பாவுக்குள்ள கிடக்கிற உனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்?”

பொறுக்க முடியாமல் பாய்ந்து அழித்தேன். நான் பாதியாகத் தேய்ந்தும் மை போகவில்லை. கடைசியில் காகிதம் கிழிந்து, அந்தக் கட்டத்தில் ஓட்டை விழுந்தது.

“ஐயோ, கிழிச்சுட்டான்!” என்று பேனா அலறியது.

ஆந்தை என்று சொன்ன அதே பென்சில் என் பக்கம் திரும்பியது.

“அவர் அழகாத்தானே எழுதியிருந்தாரு. உனக்கு ஏன் இந்த வேலை?”