நாற்பத்தொன்பது புள்ளி ஏழு

"கேட்டைத் தொட்டா கையை ஒடிச்சுருவேன்" என்றாள் முனியாயி.

அமல்ராஜ் கையை எடுத்துக்கொண்டார். இரண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வந்தவர். துணை மின்நிலையத்தின் கேட்டில் சங்கிலியைச் சுற்றி, மின்நிலையத்தின் பூட்டையே போட்டிருந்தார்கள். வெளியே ஊர்க்காரர்கள் நாற்பது பேர். உள்ளே காலை ஷிஃப்ட் ஆபரேட்டர் சிவரஞ்சனி மட்டும்.

"அந்தப் புள்ளைய விட்டுருங்கக்கா. நான் உள்ள போறேன். இன்னைக்கு அதைப் பொண்ணு பாக்க வாராங்க."

"ஆளை மாத்தி ஏமாத்தப் பாக்குறியா? தெனம் ஒரு மணியானா கரண்டு போயிருது. கடலை காயுது. கரண்டு வரட்டும், தொறக்குறோம்."

அமல்ராஜ் அதிகாரிக்கு போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை. அவர் கீரனூரில் ஒரு காதுகுத்தில் இருந்தார். பேசிச் சமாளிக்கச் சொன்னார்.

சிவரஞ்சனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜன்னலிலிருந்து கேட் பத்தடி.

"நானா நிறுத்தலைக்கா. தெக்க காத்து நின்னுபோச்சு. காத்தாலை சுத்தலைன்னா ஃப்ரீக்வென்சி எறங்கும். அம்பதுல நிக்கணும். ரொம்ப எறங்குனா மாநிலம் பூரா கரண்டு போயிரும். அதான் ஊருக்குப் போற லைனை ஒவ்வொரு ஃபீடரா நிறுத்தச் சொல்லி சென்னை கன்ட்ரோல் ரூம்லேருந்து சொல்றாங்க."

"காத்து இல்லையா? இந்தா, வேப்பமரம் ஆடுதே."

"ஆரல்வாய்மொழியில ஆடணும்க்கா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முனியாயி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

மீட்டர் 49.71 காட்டியது.

மூன்று மணிக்கு சிவரஞ்சனியின் அப்பா ரத்தினவேல் பைக்கில் வந்தார். வேட்டி, சட்டை, செருப்பு எல்லாம் புதிது. பைக்கில் மல்லிகைப் பொட்டலம் தொங்கியது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து காபி குடிச்சாச்சு. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள இவளைப் பாத்துட்டுக் கெளம்பணும்ங்கிறாங்க. தொறங்கம்மா."

"கரண்டு?"

"கரண்டு என் கையிலயா இருக்கு?"

"சாவி என் கையில இருக்கு."

"மாப்பிள்ளையை இங்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார் ஒரு பெரியவர். "ஜன்னல் வழியாப் பாத்துட்டுப் போகட்டும்."

"நான் போலீசுக்குப் போறேன்."

"போங்க" என்றாள் முனியாயி. "விராலிமலைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள ராகுகாலம் வந்துரும்."

ரத்தினவேல் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். "துபாய் மாப்பிள்ளை ரஞ்சனி! கல்யாணம் முடிஞ்ச கையோட கூட்டிட்டுப் போயிருவாங்க. இந்த மீட்டரைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க வேணாம். எப்படியாச்சும் கரண்டைப் போட்டுட்டு வாம்மா!"

"சென்னையில சொல்லாமப் போட முடியாதுப்பா."

"ஒரு பத்து நிமிஷம் போடு. யாருக்குத் தெரியப் போகுது?"

அவள் மீட்டரைப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். 49.68. கால் மணி நேரம் கழித்து 49.70. பிறகு 49.69. ரத்தினவேல் பைக்கிலிருந்து இறங்கினார், ஏறினார், மறுபடி இறங்கினார்.

நான்கு மணிக்குச் சற்று முன் எண் நகர ஆரம்பித்தது. 49.82. 49.95. சென்னையிலிருந்து போன் வந்தது.

"தெக்க காத்து திரும்பிருச்சு. ஆறு மணிக்கு மேலதான் வரும்னாங்க, இப்பவே அடிக்குது. ஃபீடரைப் போடும்மா."

50.09. வெளியே அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியாயி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன்ல இருக்கியா? ஏறிக்கிட்டே போகுது. இப்ப லோடு வேணும். போடும்மா."

50.14. அவள் சுவிட்சைப் போட்டாள்.

"போட்டாச்சு சார்."

தொலைவில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. "வந்துருச்சு!" என்று ஒருவன் கத்தினான். நாற்பது பேரும் அவரவர் வயலுக்கு ஓடினார்கள்.

ரத்தினவேல் பைக்கை ஸ்டார்ட் செய்தார். "வாம்மா, வா. இன்னும் அரை மணி நேரம் இருக்கு."

சிவரஞ்சனி கேட்டுக்கு வந்தாள். சங்கிலி அப்படியே இருந்தது.

"சாவி?" என்றார் ரத்தினவேல்.

"முனியாயி அக்காகிட்ட" என்றார் அமல்ராஜ்.

"அது எங்க?"

அமல்ராஜ் வயல் பக்கம் கையைக் காட்டினார். "மடை தெறக்கப் போயிருச்சு."

ரத்தினவேல் வரப்பில் ஓடினார். புதுச் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. எல்லா வயலிலும் தண்ணீர் பாய்ந்தது, எல்லா வயலிலும் யாரோ குனிந்திருந்தார்கள். ஒற்றைச் செருப்போடு அவர் திரும்பி வந்தபோது மணி நாலு நாற்பது. போன் அடித்தது.

"சரிங்க" என்றார். கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க."

போனைச் சட்டைப்பையில் வைத்தார். "கெளம்பிட்டாங்க. சகுனம் சரியில்லையாம்."

மல்லிகைப் பொட்டலத்தைக் கம்பி வழியாக அவளிடம் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "விடும்மா, அழாத" என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தார்.

ஐந்து மணிக்கு முனியாயி முழங்கால் வரை சேறோடு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். அமல்ராஜ் உள்ளே போய் மீட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

பைக் போன சாலையைச் சிவரஞ்சனி ஒருமுறை பார்த்தாள். பிறகு முனியாயியின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் பூட்டிருங்கக்கா. தொறையூர்லேருந்து வாராங்க."