அண்ணன் சொன்ன பொய்

"மனுஷன் மனசுக்குள்ள மிஷினு பூந்தா மலைத் தெய்வம் பொறுக்காது அண்ணி, வாணாம்" என்று ரங்கன் எவ்வளவோ தடுத்துப் பார்த்தான்.

கலைவாணி கேட்கவில்லை. புளியமரத்திலிருந்து விழுந்து கைகாலும் பேச்சும் போய்க் கிடந்த கணவன் சின்னாண்டியை, ஜவ்வாது மலையிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோனாள். அங்கே அவன் மூளையில் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். அவன் சொல்ல நினைப்பதை அது குரலாக்கும்.

அது பேசும் நாளில் ரங்கனும் கட்டிலருகே நின்றான்.

"இன்னாய்யா ஆச்சி, எப்டி வுழுந்த?" என்று கலைவாணி கேட்டாள்.

சின்னாண்டி தம்பியையே பார்த்தான். ரங்கன் கதவுப் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

"காலு வழுக்கிடுச்சி" என்றது கருவி.

ரங்கன் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"எனக்காகப் பொய் சொல்லாதண்ணா! அண்ணி, மரம் யாருக்குன்னு சண்ட போட்டு, கிளைய உலுக்குனது நான்தான்!"