வெயில் படட்டும்

மருத்துவமனையின் வரவேற்பறையில் புதிதாக மாட்டிய நீர்வண்ண ஓவியத்தின் மேல் காலை வெயில் நேராக விழுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன. மேலே புண்ணாய்ச் சிவந்த அந்திவானம். அண்ணன் கைகளை விரித்து விளக்கம் சொல்கிறான். "அந்தச் செவப்பு இருக்கே, அதுதான் தனிமை. அத வரைஞ்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு." இதை வரைந்த மூன்று நாளும் அவன் ஊரிலேயே இல்லை. வரைந்தவள் நான். இதற்கு முன் நான் வரைந்த நாலு படங்களிலும் அவன் பெயர்தான். இதிலும் மூலையில் அவன் கையெழுத்து, அழியாத கறுப்பு மையில், கொட்டை எழுத்தில். "இவ என் தங்கச்சி. பிரஷ் கழுவிக் குடுப்பா," என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் பல்லைக் காட்டுகிறேன். பெரிய டாக்டரம்மா மட்டும் சன்னலைப் பார்க்கிறார். "தெனமும் இங்க வெயில் அடிக்கும். தள்ளி மாட்டிடலாமா?" "வேண்டாங்க," என்கிறேன். "பாலைவனம்தானே, வெயில் படட்டும்." "என்கூட இருந்து இவளும் தேறிட்டா பாத்தீங்களா!" என்று அண்ணன் என் தோளைத் தட்டுகிறான். இதையும் எடுத்துக்கொள்வான் என்று தெரிந்துதான், நல்ல வண்ணங்களைத் தொடாமல், வெயிலில் வெளுத்துப்போகிற மலிவு மைகளில் இந்தப் படத்தை வரைந்தேன். முதலில் அவனுடைய தனிமை வெளுக்கும். பிறகு மணல். அடுத்த கோடைக்குள், இத்தனை பேர் வந்துபோகிற இடத்தில், வெற்றுத்தாளின் மூலையில் அவன் கையெழுத்து மட்டும் கறுப்பாக நிற்கும்.